பனி இல்லாத மாதங்களில் ஸ்கி அணிப் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கழகத்தில், இளையோர் லாங்ரென் அணிக்குப் பெற்றோர் சார்பில் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. லாங்ரென் என்பது காட்டுப் பாதைகளில் மேடும் பள்ளமுமாகக் கிலோமீற்றர் கணக்கில் போகும் பனிச்சறுக்கு. மலையுச்சியிலிருந்து கீழே பாயும் வகை வேறு. நம்முடைய பெற்றோர் தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயிலிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான, பனி இல்லாத காலத்தைப் பற்றியவை.

பனியில் சறுக்குகிற விளையாட்டுத்தானே அக்கா? பனி கரைந்த பிறகு எதற்குப் பயிற்சி?

ஒஸ்லோவில் நல்ல பனி இருப்பது நான்கு மாதம் என்றால் அதுவே அதிர்ஷ்டமான ஆண்டு. மீதி எட்டு மாதமும் பிள்ளை சும்மா இருந்தால், டிசம்பரில் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். ஸ்கி வீரர்கள் கோடையில்தான் உருவாகிறார்கள் என்பது நோர்வேஜியர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அதில் மிகை ஒன்றும் இல்லை.

லாங்ரென் காலை மட்டும் கேட்கும் விளையாட்டு அல்ல. கோலை ஊன்றி உந்தும்போது தோள், முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. அத்தனை தசைகளுக்கும் இரத்தம் அனுப்ப இதயமும் நுரையீரலும் பலமாக வேண்டும். அந்தப் பலம் ஓட்டத்திலும், நீச்சலிலும், சைக்கிளிலும், காட்டில் ஏறி இறங்குவதிலும் வளரும். பனி வந்தபின் அதன்மேல் சறுக்கும் நுட்பத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்.

வருடம் எப்போது தொடங்குகிறது? ஒழுங்கு ஏதாவது உண்டா?

மே முதலாம் தேதியைத்தான் இங்கே பயிற்சி ஆண்டின் தொடக்கமாகக் கொள்வார்கள். ஏப்ரல் ஓய்வு மாதம். பிள்ளை விரும்பியதை விளையாடட்டும், ஒன்றும் செய்யாவிட்டாலும் குற்றமில்லை. மேயிலும் ஜூனிலும் கழகம் கூடும். ஜூலையில் நாடே விடுமுறையில் இருப்பதால் பெரும்பாலான கழகங்களும் மூடிவிடும். ஓகஸ்ட் நடுப்பகுதியில் பள்ளி திறந்ததும் மறுபடி ஆரம்பம். செப்டம்பரும் ஒக்டோபரும்தான் உண்மையான உழைப்புக் காலம்.

நவம்பரில் பனி தேடும் படலம் தொடங்கும். பெய்த்தோஸ்தோலன் போன்ற இடங்களில் முந்தைய குளிர்காலப் பனியை மரத்தூளுக்கு அடியில் கோடை முழுவதும் பாதுகாத்து, பின்னர் பாதையில் விரிப்பார்கள். தேசிய அளவிலான தொடக்கப் போட்டிகள் வழக்கமாக அந்த மாதத்தில் பெய்த்தோஸ்தோலனில்தான் நடக்கும். ஒஸ்லோவை அடுத்த லோரென்ஸ்கூக்கில் 2020-ல் திறந்த உள்ளரங்கப் பனி மண்டபத்திலும் லாங்ரென் பாதை உண்டு. ஆசைக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். அதற்காகக் காட்டு ஓட்டத்தை விட வேண்டாம்.

கிழமைக்கு எத்தனை நாள் விட வேண்டும்?

பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை கழகத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் ஓடி விளையாடினாலே அது பயிற்சிதான். பதின்மூன்று, பதினான்கில் இரண்டு மூன்று நாள். பதினைந்து, பதினாறில் பிள்ளை விரும்பினால், தானாகச் செய்வதையும் சேர்த்து நான்கைந்து நாள். எந்த வயதிலும் கிழமைக்கு ஒரு நாளாவது முழு ஓய்வு இருக்க வேண்டும். இது எங்கள் கழகத்து வழக்கம். வேறு கழகங்களில் சற்றுக் கூடும், குறையும்.

நோர்வேயின் லாங்ரென் வீராங்கனை மாரிட் பியோர்கன் போன்றவர்கள் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்று சிலர் தேடிப்பார்த்துவிட்டு வருகிறார்கள். உச்ச நிலையில் உள்ள வளர்ந்த வீரர்கள் ஆண்டுக்கு 800 முதல் 1000 மணி நேரம்வரை செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அளவு பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஏற்றியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கால அட்டவணைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓ.எல். பரீட்சைக்கு ட்யூஷன்மேல் ட்யூஷன் வைப்பதுபோல இதற்கும் வைத்தால், பதினைந்து வயதில் பிள்ளை ஸ்கியைப் பரணில் போட்டுவிடும்.

இரண்டு மணி நேரம் காட்டுக்குள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைச் சொல்கிறேன். ஆறு மணிக்குக் காட்டோர வாகனத் தரிப்பிடத்தில் கூடுவோம். முதலில் இருபது நிமிடம் பேசிக்கொண்டே மெதுவான ஓட்டம். வேர்களும் கற்களும் நிறைந்த குறுகிய பாதையில்தான் ஓடவைப்போம். கால் எங்கே வைப்பது என்று கண்ணும் கணுக்காலும் சேர்ந்து பழகுவது பின்னர் ஸ்கியில் சமநிலைக்கு நேரே உதவும். பிறகு தொடர் ஓட்ட விளையாட்டு, ஒற்றைக் காலில் துள்ளல், மரக்குற்றிமேல் நின்று கண்ணை மூடிச் சமநிலை பிடித்தல்.

அதன்பின் கோல்களை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போவோம். எல்க் மான் மலை ஏறுவதுபோல நீண்ட எட்டு வைத்துத் துள்ளி ஏறும் பயிற்சி இது. கிளாசிக் ஸ்கிக்குரிய (இரு ஸ்கியையும் நேராக வைத்து முன்பின்னாக எட்டுப்போட்டுப் போகும் வகை) கோலைவிடச் சற்றுக் குட்டையான கோல் வேண்டும். வலது காலும் இடது கையும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பின்காலால் நிலத்தை முழுமையாக உதைத்து, இடுப்பு முன்னே வந்தபிறகே அடுத்த எட்டு. புதிதாக வருகிற பிள்ளைகள் முதுகை வளைத்துக் குனிந்து ஏறுவார்கள், கோல் வெறுமனே இழுபடும். கீழே நின்று பார்த்தால் எந்தப் பிள்ளையின் குதிக்கால் நிலத்தை விட்டுக் கடைசியாக எழுகிறது என்று தெரியும். அந்தப் பிள்ளைக்குத்தான் பனியில் ஸ்கி நன்றாகப் பிடிக்கும். மேலே ஏறியதும் நடந்து இறங்குவார்கள். ஐந்தாறு முறை. பிறகு புல்லில் பத்து நிமிட உடற்பலப் பயிற்சி, மெதுவாக ஓடி வீடு.

மெதுவாக ஓடு, மெதுவாக ஓடு என்கிறார்களே. காசு கட்டி மெதுவாக ஓடவா?

ஆம். நோர்வேயில் பயிற்சியின் கடுமையை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள். உலகின் மிகச் சிறந்த வீரர்களே தங்கள் நேரத்தில் மிகப் பெரும் பகுதியைக் கீழ்ப்படிகளில்தான் செலவிடுகிறார்கள். மெதுவாக நெடுநேரம் போகும்போது இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தினமும் மூச்சு வாங்க ஓடினால் உடல் தேறுவதற்கு நேரமே இல்லை.

கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்க்கத் தேவையில்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பிள்ளைகளுக்குச் சரிவராது. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். வேகமான பகுதிகளும் உண்டு, மேலே சொன்ன மலையேற்றம் அந்த வகைதான். கிழமைக்கு ஒன்று, பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு.

ரோலர் ஸ்கி எந்த வயதில் வாங்கலாம்?

நோர்வேஜியர்கள் ருல்லெஷி என்று சொல்வது இதைத்தான்: அரை மீற்றரைவிடச் சற்று நீளமான சட்டம், இரு முனையிலும் சக்கரம், நடுவில் ஸ்கிச் சப்பாத்து பொருந்தும் பிடிப்பு. கிளாசிக் வகையில் ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி பூட்டியிருக்கும். அதனால்தான் உதைத்து ஏற முடிகிறது. பக்கவாட்டில் உதைத்துப் போகும் ஸ்கேட்டிங் வகையில் பூட்டு இல்லை.

பன்னிரண்டு வயதுக்கு முன் அவசரமே இல்லை. அதற்குமுன் ரோலர் ஸ்கேட் போதும், சமநிலை அதிலும் வரும். வாங்கினால் மிக வேகமான சக்கரத்தை வாங்காதீர்கள். சக்கரங்களுக்கு எண் இருக்கும், பெரும்பாலும் இரண்டு என்ற நடுத்தரச் சக்கரம்தான் கழகங்களில் பாவிப்பது. கோலின் அடியில் பனிக்கான கூர்முனையை மாற்றித் தார் வீதிக்கான கடின உலோகக் கூர்முனையைப் பொருத்த வேண்டும். அது மழுங்கினால் கோல் வழுக்கிப் பிள்ளை முகம் குப்புற விழும். அரம் போட்டுத் தீட்டித் தரத் தகப்பன்மார் பழகிக்கொள்ளலாம்.

ரோலர் ஸ்கியில் பிரேக் கிடையாதாமே. விட எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம். சாதாரண ரோலர் ஸ்கியில் பிரேக் இல்லை. கால்களை அகட்டி முனைகளை உள்ளே திருப்பி வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் செங்குத்தான இறக்கத்தில் அது போதாது. ஆகவே எங்கள் விதிகள் கண்டிப்பானவை. தலைக்கவசம் இல்லாமல் எவரும் ஏறக்கூடாது. கையுறை கட்டாயம். தொடக்கத்தில் முழங்கால், முழங்கைக் கவசமும் போடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் மேலாடை. வாகனம் ஓடும் வீதி வேண்டாம். ஒஸ்லோவின் ஹோல்மன்கொல்லனில் உள்ளதுபோல ரோலர் ஸ்கிக்கென்றே அமைத்த பாதையோ, மாலையில் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானமோ போதும்.

முதல் நாள் நாங்கள் கற்பிப்பது ஓடுவதை அல்ல. ஓரத்துப் புல்லில் பாதுகாப்பாக இறங்கி நிற்பதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறோம். ஏற்றத்தில் ஏறிவிட்டு, இறக்கத்தில் ஸ்கியைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்து வருவது வெட்கமே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறோம்.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? எங்களால் முடியுமா?

பனி இல்லாத காலப் பயிற்சிக்கு உண்மையில் வேண்டியது நல்ல ஓட்டச் சப்பாத்து, மழைச் சட்டை, ஒரு சோடி கோல். ரோலர் ஸ்கியைக் கழகத்தில் இரவல் கேளுங்கள், பல கழகங்களில் உண்டு. இலையுதிர் காலத்தில் கழகங்கள் நடத்தும் பழைய பொருள் சந்தையில், வளர்ந்த பிள்ளைகளின் பொருட்கள் பாதி விலைக்கும் கீழே வரும். பூவா என்ற பெயரில் நாடெங்கும் உள்ள இரவல் நிலையங்கள் விளையாட்டுப் பொருட்களை இலவசமாகக் கொடுக்கின்றன. கட்டணம் பாரமாக இருந்தால் கழகத்துத் தலைமையிடம் தனியாகப் பேசுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு எத்தனையோ நல்ல பிள்ளைகளை நம்மவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

பணத்துக்குப் பதிலாக உங்களிடம் நேரம் கேட்பார்கள். டுக்னாட் என்று சொல்வது நம் ஊர்ச் சிரமதானம்தான். பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது, போட்டி நாளில் வாஃபிள் சுட்டு விற்பது. போங்கள். அங்கே நின்று கதைத்தால்தான் உங்கள் பிள்ளையின் பயிற்றுநர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

ஸ்கியைக் கோடையில் எப்படி வைப்பது?

அடியில் ஒட்டியிருக்கும் பசை மெழுகைச் சுரண்டித் துடையுங்கள். பிறகு சறுக்குமெழுகைத் தடிப்பாக உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். வெயில் படாத குளிர்ந்த இடம் நல்லது. வீட்டில் பழைய ஃபுளோரின் மெழுகு கிடந்தால் பாவிக்க வேண்டாம். நோர்வேயில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு அது 2018-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்தே தடை. உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-ஆம் ஆண்டுப் பருவம் முதல் எல்லோருக்கும் தடை செய்துவிட்டது.

கால்பந்தும் விளையாடுகிறான். ஒன்றை விடச் சொல்லட்டா?

வேண்டாம். பதினான்கு வயதுவரை இரண்டு மூன்று விளையாட்டு இருப்பது நல்லது. கால்பந்து திடீர் ஓட்டத்தையும் திரும்பலையும் தருகிறது, காட்டில் வரைபடம் பார்த்து ஓடும் ஓரியன்டரிங் மேடு பள்ளத்தில் ஓடும் திறனைத் தருகிறது, நீச்சல் தோளுக்கு நல்லது. கிழமையில் எத்தனை நாள் என்று மேலே சொன்ன கணக்கில் கால்பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பயிற்றுநர்களும் தத்தம் அட்டவணையை முழுமையாகக் கேட்டால் நடுவில் நசிவது பிள்ளைதான். இருவரிடமும் பேச வேண்டியவர் நீங்கள்.

ஜூலையில் யாழ்ப்பாணம் போகிறோம், ஆறு கிழமை. எல்லாம் வீணாகிவிடுமா?

வீணாகாது. மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். கழகமும் ஜூலையில் இல்லை என்று முன்பே சொன்னேன். அம்மம்மா வீட்டில் இருக்கும் பிள்ளையை அட்டவணை போட்டு ஓட வைக்காதீர்கள்.

பிள்ளையே கேட்டால், விடிகாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் ஓடட்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அந்த நேரத்தில் ஊரே விழித்திருக்கும், தனியாக ஓடுகிறோம் என்ற எண்ணம் வராது. முதல் ஒரு கிழமை உடல் வெப்பத்துக்குப் பழகும்வரை பாதி அளவுதான். தாகம் எடுக்கும்முன் குடிக்க வேண்டும், இளநீரும் உப்புப் போட்ட மோரும் மிக நல்லவை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆனால் சமவெளியில் சைக்கிள் மிதிக்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா? மாமாவின் பழைய சைக்கிளில் மச்சான்மாரோடு கடற்கரைவரை போய் வரட்டும். திரும்பி வந்ததும் முதல் கிழமை மெதுவாகவே தொடங்குங்கள், விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாக்க வேண்டாம்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு நடன வகுப்பு. நீண்ட ஓட்டம் அதே நேரத்தில்தான் வைக்கிறார்கள்.

தமிழை விட வேண்டாம். நீண்ட ஓட்டத்தைக் கழகத்தோடு செய்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. சனி பிற்பகலில் குடும்பமாக லில்லோமார்க்காக் காட்டிலோ ஓஸ்ட்மார்க்காக் காட்டிலோ ஒன்றரை மணி நேரம் வேகமாக நடந்து, மேட்டில் கொஞ்சம் ஓடினால் அதே வேலை நடந்துவிடும். பயிற்றுநரிடம் ஓகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாமல் வராமல் விடும்போதுதான் ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பரதநாட்டியம் ஆடும் பிள்ளைக்கு அரைமண்டி தரும் தொடைப்பலம் ஸ்கேட்டிங் ஸ்கியில் கண்கூடாகத் தெரிகிறது. அதையும் பயிற்சியாகவே கணக்கிடுங்கள்.

பயிற்சிக்கு முன் சோறு கொடுக்கலாமா? பாணும் பாஸ்தாவும்தான் நல்லது என்கிறார்கள்.

சோறு மிக நல்லது. ஓட்டத்துக்கு எரிபொருள் மாச்சத்து. அது சோற்றில் இருந்தால் என்ன, பிட்டில் இருந்தால் என்ன, பாஸ்தாவில் இருந்தால் என்ன? நேரம்தான் முக்கியம். கறியும் எண்ணெயுமாக வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் என்றால் வாழைப்பழம், இடியப்பத்தில் கொஞ்சம் பால், அல்லது ஒரு துண்டு பாண். பள்ளியில் பதினொன்றரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து மலையேறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முடிந்து வீடு வந்தவுடன் சோறும் பருப்பும் முட்டையோ மீனோ.

கந்தசஷ்டி விரதம் இலையுதிர்காலப் பயிற்சியின் நடுவில் வரும். பிள்ளை விரும்பிப் பிடித்தால் அந்த ஆறு நாளும் மலையேற்றமும் வேக ஓட்டமும் வேண்டாம். பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு நடக்க மட்டும் விடுங்கள்.

இரும்புச்சத்து, விற்றமின் டி எல்லாம் கொடுக்க வேண்டுமா? ஊரிலிருந்து லேகியம் வந்திருக்கிறது, அதையும் கொடுக்கலாமா?

விற்றமின் டி விஷயத்தில் அசட்டை வேண்டாம். இந்த வடக்கு வெயிலில் நம் தோலுக்குப் போதிய அளவு கிடைப்பது கடினம், அதிலும் ஒக்டோபர் முதல் மார்ச்வரை. மீனெண்ணெய்யோ மாத்திரையோ கொடுப்பது இந்நாட்டு வழக்கம். இரும்புச்சத்தை மட்டும் ஊகத்தில் கொடுக்காதீர்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளிடமும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களிடமும் குறைபாடு அடிக்கடி காணப்படுகிறது. காரணமின்றிக் களைப்பு, முன்பு ஏறிய மேட்டில் திணறல் என்றால் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள், சேமிப்பு இரும்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லேகியம், சூரணம், உடம்பு தேற்றும் பொடி எதையும் போட்டியில் ஓடும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று போத்தலில் முழுமையாக எழுதியிருப்பதில்லை. நோர்வேயின் லாங்ரென் வீராங்கனை தெரேசே யோஹவுக் 2016-ல் இத்தாலியில் உதட்டுப் புண்ணுக்குப் பூசிய களிம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் 18 மாதத் தடை பெற்றார், 2018 ஒலிம்பிக்கையும் இழந்தார். அணி வைத்தியரே கொடுத்த களிம்பு அது. ஊக்கமருந்து விதியில் தெரியாமல் பாவித்தேன் என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது.

மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். இனி ஓட்டம், துள்ளல் வேண்டாம் என்று அம்மம்மா நிற்கிறார்.

அம்மம்மாவின் அக்கறையை மதியுங்கள், மகளின் பயிற்சியை நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நாட்களில் ஓடுவதால் உடலுக்குக் கேடு எதுவும் இல்லை. வயிற்றுவலி இருக்கும் நாளில் குறைக்கலாம், விரும்பினால் நிற்கலாம். அந்த முடிவு அவளுடையது. இதைப் பயிற்றுநரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அணியில் ஒரு பெண் பயிற்றுநரோ அம்மாவோ இருப்பது அதற்காகத்தான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. தொடங்கிய மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால், பயிற்சிக்கு ஈடாக அவள் சாப்பிடவில்லை என்பது பெரும்பாலும் காரணம். எலும்பு பலவீனமாகி முறிவுவரை போகும். உடனே வைத்தியரிடம் போங்கள். வீட்டில் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். வெயிலில் கறுத்துவிட்டாள் என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை, அந்த ஒரு சொல்லால் விளையாட்டை விட்ட பெண்பிள்ளைகள் உண்டு.

முழங்காலுக்குக் கீழே வலி என்கிறான். குதிக்காலும் நோகிறதாம். ஓய்வா, தொடரவா?

வேகமாக உயரும் வயதில் இது சாதாரணம். பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கிலும் உயரம் பாயும். எலும்பு நீள்வதற்கு ஈடாகத் தசை நீளாமல், முழங்காலுக்குக் கீழும் குதிக்காலிலும் தசைநார் ஒட்டும் இடத்தை இழுக்கும். துள்ளலையும் தார் வீதி ஓட்டத்தையும் குறைத்து, சைக்கிளுக்கும் நீச்சலுக்கும் மாற்றுங்கள். நொண்டினால், இரவில் வலித்தால், வீங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதே காலத்தில் கை கால் ஒன்றுக்கொன்று சொல் கேட்காது. நேற்றுவரை அழகாகச் செய்த நுட்பம் திடீரெனக் குழம்பும். திட்ட வேண்டாம், திரும்பி வரும். கோலின் நீளத்தையும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அளந்து பாருங்கள். கிளாசிக் போட்டியில் கோல் உடல் உயரத்தின் 83 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி, அதையே அளவுகோலாக வைக்கலாம்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?

அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை. சரியான முறையில், மேற்பார்வையோடு செய்யும் பலப் பயிற்சி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, காயங்களையும் குறைக்கிறது. எங்கள் அணியில் பதினைந்து வயதுவரை உடல் எடையே எடை: தண்டால், கம்பியில் தொங்கி உடலை இழுத்தல், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுதல்.

காட்டில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கோடையில் உண்ணி. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். கடித்திருந்தால் கவ்வியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். பின்வரும் நாட்களில் சிவப்பு வட்டம் பரவினால் வைத்தியரிடம் போங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து எல்க் வேட்டை நடக்கும், பளிச்சென்ற நிறம் அணியட்டும். ஒக்டோபர் நடுவில் ஆறு மணிக்குப் பின் இருட்டத் தொடங்கும், நெற்றி விளக்கின் பற்றரியை முதல்நாளே ஏற்றி வையுங்கள்.

ஆஸ்துமா இருக்கிறது. இந்த விளையாட்டே வேண்டாமா?

ஆஸ்துமாவோடு உச்சம் தொட்டவர்கள் லாங்ரெனில் பலர். கோடை ஓட்டம் அவர்களுக்குக் குளிரைவிட எளிது, ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் பறக்கும் பேர்ச் மரத்து மகரந்தம்தான் தொல்லை. அந்த நாட்களில் மழைக்குப் பின் ஓடலாம். மருந்து உறிஞ்சும் குழாய் பிள்ளையின் சொந்தப் பையில் இருக்க வேண்டும், காரில் இருந்தால் உதவாது. அதைப் போட்டியில் பாவிக்கும் விதியை வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

எப்போதும் கடைசியாகத்தான் வருகிறான். வெளியே வேறு பயிற்றுநரிடம் தனியாக விடலாமா?

எத்தனை வயது? நோர்வே விளையாட்டு விதிப்படி பதினோராவது வயதை எட்டும் ஆண்டுவரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ போடக்கூடாது. பதின்மூன்று ஆகும் ஆண்டுவரை தேசியச் சாம்பியன் போட்டியும் இல்லை. அந்த வயதில் வரிசை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று இந்த நாடு கண்டறிந்து வைத்த விதி அது.

பிரிவுகள் பிறந்த ஆண்டின்படி அமைவதால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பதின்மூன்று வயதில் அந்தப் பதினொரு மாதமும், யார் முதலில் உயர்ந்தார் என்பதும்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கும். 2025-ல் துரொண்ட்ஹைம் உலகச் சாம்பியன் போட்டியில் ஓடிய ஆறிலும் தங்கம் வென்ற யொஹான்னஸ் ஹோஸ்ஃப்ளோட் கிளேபோ ஒக்டோபர் கடைசியில் பிறந்தவர். அவரை நெடுங்காலம் பயிற்றுவித்தவர் அவருடைய தாத்தா. தனிப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளையை நண்பர்களோடு ஒரு கோடை முகாமுக்கு அனுப்புங்கள்.

மூன்று வருடம் போய்விட்டு இப்போது போகமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தட்டா?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். தோழி விலகியிருக்கலாம், பயிற்சி கடினமாகியிருக்கலாம், இரும்பு குறைந்திருக்கலாம், ஒருவர் சொன்ன சொல் தைத்திருக்கலாம். அணியில் வேறு நிறத்தவள் தான் ஒருத்தியே என்ற உணர்வும் பதின்மூன்று, பதினான்கில் திடீரென அழுத்தும். நம் பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. காரில் பக்கத்தில் இருந்து போகும்போது கேட்டால் சொல்லக்கூடும்.

காரணம் தெரிந்தபின் ஒரு மாதம் ஓய்வு கொடுத்து, கிழமைக்கு ஒரு நாள் மட்டும் என்று பேசிப்பாருங்கள். அதன்பிறகும் வேண்டாம் என்றால் விடுங்கள். காட்டையும் பனியையும் வெறுக்காமல் விலகிய பிள்ளை இருபது வயதில் தானாக ஸ்கியை எடுக்கும்.

பதினாறில் விளையாட்டு உயர்பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறான். படிப்பு என்னாகும்?

படிப்பு கெடாது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் தகுதியை அங்கேயும் முழுமையாகப் பெறலாம். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் உண்டு. அரச உயர்பள்ளிகள் சிலவற்றிலும் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது, முதலில் அவற்றை விசாரியுங்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மழை பெய்யும் நவம்பர் மாலையில், யாரும் சொல்லாமல், பிள்ளை தானாகச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறானா? கிளம்பினால் விண்ணப்பிக்கட்டும். நீங்கள் எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தால் வீட்டருகிலுள்ள பள்ளியே நல்லது, கழகத்தில் தொடரலாம்.

எனக்கு ஸ்கி தெரியாது, நோர்வேஜிய மொழியும் சுமார். நான் என்னதான் செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். பயிற்சிக்கு முன் அந்த வாழைப்பழத்தைக் கொடுக்கலாம். பத்து மணிக்குக் கைத்தொலைபேசியை வாங்கி வைக்கலாம். பதின்பருவப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், ஜூனில் வெளிச்சம் போகாத இரவுகளில் தடித்த திரைச்சீலை போட்டால்தான் அது கிடைக்கும். நீண்ட ஓட்டத்தில் பின்னால் சைக்கிளில் தண்ணீர் சுமந்து வர எங்களுக்கு எப்போதும் ஆள் தேவை. மலையடியில் நின்று நேரம் குறிக்கவும் ஆள் தேவை. இரண்டுக்கும் மொழி வேண்டாம்.

ஓகஸ்டில் பெற்றோர் கூட்டம் நடக்கும், அழைப்பு கழகத்தின் கைத்தொலைபேசிச் செயலியில் வரும். செயலியை இறக்கி, அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் விளங்காததை எழுதி வைத்து முடிந்ததும் என்னிடம் கேளுங்கள். சைக்கிள் பொறுப்புக்குப் பெயர் கொடுக்கும் தாளும் அங்கேதான் சுற்றுக்கு வரும்.